பூ இல்லாத வாழை

7

வேலு ஒரு காயைக் குலையிலிருந்து திருகி எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து எங்கள் முன் நீட்டினார். வெளியே நல்ல பச்சை. உள்ளே துருப்பிடித்த ஆணியின் நிறம்.

"பாத்தீங்களா மேடம்? தோட்டம் முழுக்க இப்படித்தான். மரத்தை வெட்டினா தண்டுல சிவப்பா வடியுது. ரத்த நோய்னு விவசாய ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஏதோ பாக்டீரியாவாம். மருந்தே கெடையாதாம்."

"மருந்து கண்டுபிடிக்கல, பேரு மட்டும் கண்டுபிடிச்சிட்டாங்க," என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. மெர்சிங் படகுத்துறை ஜெட்டியில் படகு ஏறியதிலிருந்தே என் நகைச்சுவைக்கு நேரம் சரியில்லை. பாதி வழியிலேயே காலையில் தின்ற ரொட்டி சானாயைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தவன் நான். அப்போது சிரித்தது எவ்லின் மேடம் மட்டும்தான். அதுவும் என் நகைச்சுவைக்கு அல்ல.

மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக எரிந்த கடைகளையும் பொய்யாகத் திருடுபோன கார்களையும் கண்டுபிடித்தவர். இப்போது கெலாங் பாத்தாவில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். ஒரே ஊழியன் நான், ரூபேந்திரன். கீழே பல் பிடுங்குவார்கள், மேலே நாங்கள் உண்மையைப் பிடுங்குவோம். வலி ஏறக்குறைய ஒன்றுதான்.

"இதை யார் தீவுக்குள்ள கொண்டு வந்ததுன்னு நெனைக்கிறீங்க?" என்று மேடம் கேட்டார்.

வேலு எங்களுக்குப் பின்னால் நின்ற லூசியை ஒரு பார்வை பார்த்தார். "அது ஊருக்கே தெரியும். சாயந்தரம் மீட்டிங்ல பேசிக்கலாம்."

லூசி தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் மூலம் எங்களை வரவழைத்தவள் அவள்தான். கணவனை இழந்தவள். பூலாவ் கெருவிங் என்ற இந்தச் சின்னத் தீவில் இருப்பது எட்டுத் தமிழ் வீடுகள். ஒரு காலத்தில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். கோயிலுக்குப் போகிறவர்கள் பாதி, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பாதி, எல்லோருக்கும் சோறு போடுவது ராஸ்தாளி வாழை. இப்போது ஏழு தோட்டங்கள் அழுகிக் கிடக்கின்றன. எட்டாவது மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. அது லூசியுடையது.

போதாக்குறைக்கு, போன வருடம் வெளியிலிருந்து கன்று வாங்கிய ஒரே ஆளும் அவள்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கன்று, அரசாங்க அனுமதியோடு வந்தது. அதை யார் கேட்கிறார்கள்? 'நோயைக் கொண்டு வந்தவளுக்குத்தான் மருந்து ரகசியம் தெரியும்' என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. நிலம் ஊர்ச் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. இன்று மாலை சங்கம் கூடி, அவள் தோட்டத்தை அடியோடு வெட்டி, நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறது. அதற்குள் நாங்கள் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால், பிறந்து வளர்ந்த தீவிலிருந்து லூசி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலுவின் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும், மேடம் செருப்பின் அடிப்பாகத்தைப் புல்லில் நன்றாகத் தேய்த்தார். என்னையும் தேய்க்கச் சொன்னார்.

"விவசாய ஆபீஸர் போன்ல என்ன சொன்னாரு ரூபன்?"

"மூணு வழியில பரவுமாம் மேடம். நோய் புடிச்ச கன்னு, பூவுக்கு வர்ற பூச்சி, வெட்டுற கத்தி. அடுத்த வாரம் நேர்ல வர்றாராம். அதுக்குள்ள இவங்க எல்லாத்தையும் வெட்டி முடிச்சிருவாங்க, அவரு ஜெட்டியில செல்ஃபி எடுத்துட்டுப் போலாம்."

"பூச்சியை விட்டுரலாம்," என்று மேடம் கையை நீட்டினார்.

நீட்டிய திசையில் பாக் மான் என்ற மலாய்க் கிழவரின் வீடு. எட்டுத் தமிழ் வீடுகளுக்கு நட்டநடுவே இருந்தது. அவர் வேலியோரத்திலும் வாழை நின்றது. ஒரு மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கத்துத் தோட்டங்களும் அழுகி நாறின.

"பூச்சி பரப்பியிருந்தா இவரைத் தாண்டிப் போயிருக்குமா? நோய் ஆள் பாத்து வந்திருக்கு."

"நோய்க்குத் தமிழ் தெரியும் போல மேடம்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். மேடம் நின்றுவிட்டார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"லூசி, உங்க எட்டு வீட்டுலயும் நடந்து, பாக் மான் வீட்டுல மட்டும் நடக்காத ஒண்ணு சொல்லுங்க. வாழை சம்பந்தமா."

லூசி யோசித்தாள். "ஒண்ணும் இல்லையே மேடம். இந்தத் தீவுல யாரும் யார் கத்தியையும் இரவல் வாங்க மாட்டாங்க. அவங்கவங்க தோட்டம், அவங்கவங்க கத்தி." பிறகு மெதுவாகச் சொன்னாள். "என் மக ஷர்மைன் கல்யாணத்தப்போ மட்டும்…"

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. இரண்டு மாதத்துக்கு முன்பு நடந்த கல்யாணம். ஷர்மைன் இப்போது புருஷன் எல்வினோடு கெலாங் பாத்தாவில் இருக்கிறாள். எங்கள் மாடிப்படி ஏறி வந்து, தன் அம்மாவுக்காக அழுதவள் அவள்தான்.

இந்தத் தீவில் கல்யாணம் என்றால் ஒரு வழக்கம். பந்தலில் கட்ட, வீட்டுக்கு ஒரு மரம், குலையும் பூவுமாகக் கொடுக்க வேண்டும். விருந்துக்கு ஒரு கட்டு இலையும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வெட்டுவது பெண்ணின் தாய்மாமன். ஒரே ஆள், ஒரே கத்தி. அந்தக் கத்திக்கு மஞ்சள் பூசி நூல் கட்டுவார்கள். லூசியின் வீட்டில் கூடுதலாக ஃபாதர் தீர்த்தமும் தெளித்திருந்தார். கடைசி மரம் கட்டி முடிகிற வரைக்கும் கத்தியைக் கழுவக் கூடாது. கழுவினால் ஆகாதாம்.

"பாக் மான் என்ன கொடுத்தாரு?"

"தேங்காய் மேடம். வண்டி நெறைய."

"அலமாக், ஐயோ," என்றேன். "கழுவாத கத்தி, வீடு வீடா."

லூசிக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகளின் கல்யாணமே தீவைச் சுற்றி நோயைப் பந்தி பரிமாறியிருக்கிறது.

*

சங்கத் தலைவர் ஐயாசாமி வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார். எழுபது வயதிருக்கும், நிமிர்ந்த உடம்பு. ஜெட்டியில் 'வெளி வாழை தீவுக்குள் வரக்கூடாது' என்று மூன்று மொழியில் பலகை அடித்து வைத்தவர் இவர்தான்.

"லூசி, உள்ள வா பொண்ணு. வெயில்ல நிக்காத. நான் இருக்கேன்ல? மீட்டிங்ல நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தைக்கே லூசியின் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அவள் உறவே இல்லை. இருந்தாலும் சின்ன வயதிலிருந்தே சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா இல்லாத ஷர்மைனின் கையைப் பிடித்து பீடம் வரைக்கும் கூட்டிப் போனவர் அவர்தான். இந்து மனிதர் தேவாலயத்துக்குள் பெண்ணைக் கூட்டிப் போகிறாரே என்று ஃபாதரே நெகிழ்ந்துபோனாராம்.

அவரே பாலில்லாத தேநீர், 'தே ஓ', போட்டுக் கொண்டு வந்தார். அவர் தோட்டம் வெறும் கரியாகக் கிடந்தது.

"முதல்ல வெட்டி எரிச்சது நான்தான் மேடம். தலைவரு செஞ்சாத்தானே மத்தவங்க செய்வாங்க?"

"ரொம்பப் பெரிய மனசு," என்றார் மேடம். "ஐயா, ஷர்மைன் கல்யாணத்துக்கு மரம் வெட்டினாங்களே, எந்த வீட்டுல ஆரம்பிச்சாங்க?"

"அதெல்லாம் யாருக்கு லா ஞாபகம் இருக்கு?"

"எங்க வீட்டுலதான் சித்தப்பா," என்றாள் லூசி. "பொண்ணு வீட்டுலதானே முதல் மரம். மறந்துட்டீங்களா?"

"ஆமா, ஆமா." அவர் சிரித்தார். "வயசாச்சுல்ல." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க குடிங்க. எனக்கு மண்டபத்துல நாற்காலி போடுற வேலை இருக்கு. பசங்களையும் பாக்கணும்."

அவர் போனார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். தேநீரும் நன்றாகத்தான் இருந்தது. நான் எப்போதும் தேநீரை வைத்து ஆளை எடைபோடுகிறவன். அதனால்தான் இன்னும் உதவியாளனாகவே இருக்கிறேன்.

*

மத்தியானப் படகில் லூசியின் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் வந்து இறங்கினார். லாபிஸ் ஊரில் ரயில் பாதையோரம் சின்னதாக வாழைத் தோட்டம் வைத்திருப்பவர். கூட்டத்தில் தங்கைக்குத் துணையாக நிற்க வந்திருந்தார். தோளில் பை, கையில் அவளுக்குப் பிடித்த முறுக்குப் பொட்டலம்.

மேடம் அவரைப் படகுத்துறையிலேயே நிறுத்தினார். "உங்க லாபிஸ் தோட்டம் எப்படி இருக்கு?"

முறுக்குப் பொட்டலம் கை மாறவில்லை. அவர் கடலைப் பார்த்தார்.

"வெட்டி எரிச்சிட்டாங்க மேடம். போன மாசம்."

"ஏன்?"

"ரத்த நோய்."

லூசி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணே?"

"கல்யாணத்துக்குக் கொண்டு வந்த கத்தி?" என்றார் மேடம்.

"என்னுதுதான். லாபிஸ்லேருந்து கொண்டு வந்தேன்." ஸ்டானிஸ்லாஸ் அங்கேயே படகுக் கயிறு கட்டும் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் தோட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா. அப்புறம் அங்க நோய் வந்து, இங்கேயும் நோய்னு கேள்விப்பட்டேன். என் கத்திதான்னு புரிஞ்சுது."

"உன்னைக் கேக்கிறேன் அண்ணே," என்றாள் லூசி. குரல் உயரவில்லை. "ஊரே என்னைச் சொன்னப்போ உனக்குத் தெரியுமா?"

அவர் பொட்டலத்தின் நூலைத் திருகினார்.

"தினம் ராத்திரி போன் பண்ணி அழுதேனே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? 'கர்த்தர் பாத்துக்குவாரு'ன்னு சொன்னியே?"

"பயமா இருந்துச்சு லூசி. எட்டு வீட்டுக்கும் நான் எங்கேருந்து பதில் சொல்றது?"

லூசி முறுக்குப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் பக்கத்திலேயே கட்டையின் மேல் வைத்துவிட்டு நடந்தாள். எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றேன். "சந்தோஷமா இல்ல, ஆனா முடிஞ்சுது."

"முடியல. நீ கணக்குல வீக். மரத்தை வெட்டின வரிசை என்ன, ஸ்டானிஸ்லாஸ்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல லூசி வீடு. அப்புறம் மரியாதைக்குத் தலைவரு வீடு. அப்புறம் வேலு வீடு. அப்படியே வரிசையா கீழ வரைக்கும். முதல் ரெண்டு மரத்தையும் பந்தல் வாசல்ல கட்டணும். இடது பக்கம் பொண்ணு வீட்டு மரம், வலது பக்கம் தலைவரு வீட்டு மரம்."

"ரூபன், ஷர்மைனுக்குப் போன் போடு. பந்தல் வாசல் போட்டோ வேணும்."

படம் வாட்ஸ்அப்பில் வந்தது. வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும், பின்னால் இரண்டு பக்கமும் வாழை. இடது மரத்தில் குலை, குலைக்குக் கீழே சிவந்த வாழைப்பூ. வலது மரத்திலும் குலை. அதற்குக் கீழே பூ இருக்க வேண்டிய இடத்தில், தடித்த சம்பங்கி மாலை ஒன்று சுற்றித் தொங்கியது.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். மாலைக்கு அடியில் மொட்டையான காம்பு. "பூ எங்க மேடம்? யாராவது வடை சுட்டுத் தின்னுட்டாங்களா?"

மேடத்தின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கோபம். "அந்த மாலையை யார் கட்டினதுன்னு லூசிகிட்ட கேக்கணும். நான் கேக்கிறேன். நீ வாயைத் திறக்காத."

லூசியைப் பாதையிலேயே பிடித்துவிட்டோம். மேடம் கேட்டதும், அழுதிருந்த அந்த முகத்தில்கூட ஒரு கனிவு வந்தது.

"சித்தப்பா மேடம். அவரே கையால கட்டினாரு. 'என் வீட்டு மரம் கொஞ்சம் கூடுதலா அழகா இருக்கட்டும், என் பேத்தி கல்யாணம்'னு சொன்னாரு. என் வீட்டுக்காரரு இருந்திருந்தா இப்படித்தான் பாத்துப் பாத்துச் செஞ்சிருப்பாருன்னு அன்னைக்கு அழுதேன்."

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார்.

*

கூட்டம் ஆரம்பித்திருந்தது. மேடையில் ஐயாசாமி. எதிரே பாதி நாற்காலி காலி. பெண்களும் வயதானவர்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வலை இழுக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க மேடம். ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது ஐயா. நோயைப் பரப்பினது கல்யாணக் கத்தி. ஸ்டானிஸ்லாஸோட கத்தி."

மண்டபம் இரைந்தது. பேச்சியம்மாள் என்ற பெண்மணி எழுந்து நின்று, எங்கள் பின்னால் வந்து நின்ற ஸ்டானிஸ்லாஸைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினார். ஸ்டானிஸ்லாஸ் கைகட்டி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஐயாசாமி வருத்தத்தோடு தலையாட்டினார். "நம்ம வீட்டுக் கல்யாணத்துலயே இப்படியா? லாபிஸ் கத்தியைக் கொண்டு வரலாமா தம்பி?"

"இருங்க," என்றார் மேடம். "லாபிஸ்ல நோய்னு நான் சொல்லல. ஆனா அங்க நோய் இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை அப்புறம் பாப்போம். ரூபன், அழுக்குக் கத்தியோட ஒருத்தர் தீவுக்கு வந்தா, முதல்ல எந்த மரம் கெட்டுப் போகும்?"

"முதல்ல வெட்டின மரம் மேடம்."

"முதல்ல வெட்டினது லூசி தோட்டத்துல. மரம் ஒண்ணு, இலை மத்த எல்லா வீட்டையும் விட அதிகம். இந்தத் தீவுல நோயே இல்லாத தோட்டம் எது?"

பேச்சியம்மாள் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீங்க எல்லாரும் அந்தப் பச்சைத் தோட்டத்தைக் காட்டித்தானே லூசியைக் குத்தம் சொன்னீங்க? அந்தத் தோட்டம்தான் அவங்க அண்ணனுக்கும் சேத்துச் சாட்சி. லூசி வீட்டை விட்டு வெளிய வர்ற வரைக்கும் கத்தி சுத்தம். மூணாவதா வேலு வீட்டுக்குப் போறப்போ கத்தியில நோய் இருக்கு. நடுவுல ஒரே ஒரு வீடுதான்."

ஸ்டானிஸ்லாஸ் தலையைத் தூக்கினார். பிறகு எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள்.

ஐயாசாமி சிரித்தார். "என் தோட்டத்துல நோய் இருந்துச்சுன்னா அது எனக்கே தெரியாம இருந்திருக்கும் மேடம். என் மேல என்ன தப்பு?"

"அப்படித்தான் நானும் நெனைச்சேன். இந்தப் போட்டோவைப் பாக்கிற வரைக்கும்." மேடம் என் போனை வாங்கி முன்வரிசையில் கொடுத்தார். அது கை மாறிக்கொண்டே போனது. "பந்தல்ல கட்டுற மரத்துக்குப் பூ இருக்கணும். உங்க மரத்துல பூ இல்ல. வெட்டியிருக்கீங்க. நோய் பூ வழியா ஏறும்னு பயந்தவங்கதான் பூவை முன்னாடியே வெட்டுவாங்க. அந்த நேரத்துல இந்தத் தீவுல யாருக்கும் அந்தப் பயமே இல்ல. உங்களுக்கு மட்டும் இருந்திருக்கு. மாலையைக் கட்டி மறைச்சிருக்கீங்க."

லூசி எழுந்து நின்றாள். "சித்தப்பா, அந்த மாலை…"

அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டே ரெண்டு கன்னுதான் லா. லாபிஸ்ல ஒரு கூட்டாளி வீட்டுல பழம் தின்னேன். அப்படி ஒரு ருசி. பையில போட்டுக் கொண்டு வந்துட்டேன். பலகை வெச்சவனே கொண்டு வந்தான்னு யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தேன். அப்புறம் அந்தக் கூட்டாளி போன் பண்ணி, அங்க எல்லாம் ரத்த நோய், பூவை வெட்டுன்னு சொன்னான். வெட்டினேன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சேன்."

"நெனைச்சுக்கிட்டே மரத்தையும் கொடுத்தீங்க."

"தலைவரு வீட்டு மரம் இல்லாம எப்படி மேடம் கல்யாணம்? ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

"நான் கேட்டிருக்க மாட்டேன் சித்தப்பா," என்றாள் லூசி. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மரமே இல்லாம கல்யாணத்தை நடத்தியிருப்பேன். என் பொண்ணு கையைப் புடிச்சிக்கிட்டு நடந்தீங்களே? அப்பவும் தெரியுமா உங்களுக்கு? எல்லாரும் என்னைத் திட்டினப்போ, தலையில கை வெச்சு 'நான் இருக்கேன்'னு சொன்னீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா," என்றார் அவர்.

எனக்கு அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவர் தேநீரை மெச்சிய என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் மேடம் வெற்றி பெற்ற ஆளைப் போல இல்லை. ஐயாசாமியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"ரொம்பச் சுலபமா ஒத்துக்கிட்டீங்க ஐயா. காலையில உங்க வீட்டுல நான் வரிசையைக் கேட்டப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருச்சு, இல்ல? பச்சையா நிக்கிற அந்தத் தோட்டம்தான் சாட்சின்னு." அவர் குரல் மாறியது. "ஆம்பிளைங்க எல்லாம் எங்க? வேலு எங்க?"

ஐயாசாமியின் பார்வை லூசியின் தோட்டம் இருந்த மேட்டுப் பக்கம் போனது. லூசி அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

*

மேட்டில் ஏறும்போதே சத்தம் கேட்டது. வாழைத் தண்டில் பாராங் கத்தி இறங்கும் சத்தம் பெரிதாக இருக்காது. ஈரமான சத்தம். ஒன்றை அடுத்து ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

ஆறேழு ஆண்கள். பாதித் தோட்டம் சாய்ந்து கிடந்தது. பூவோடும் பிஞ்சோடும் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மீதிப் பாதி நின்றது. ஆனால் அதற்குள்ளும் அவர்கள் புகுந்திருந்தார்கள். வழிக்காக இலையை வெட்டி, தண்டைக் கொத்திக்கொண்டு போயிருந்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நகைச்சுவை இல்லாமல் நான் பேசிய சில வார்த்தைகளில் அது ஒன்று.

நிறுத்தினார்கள். மேடம் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். கத்தியின் வரிசை, மாலை, ஐயாசாமி ஒத்துக்கொண்டது. அவர்கள் முகங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

"இந்தக் கத்தியெல்லாம் கழுவினீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

வேலு தன் கையிலிருந்த பாராங்கைப் பார்த்தார். காலையிலிருந்து தன் சொந்தத் தோட்டத்தில் அழுகிய மரங்களை வெட்டிக்கொண்டிருந்த கத்தி அது. மற்றவர்களும் அப்படியே நேராக வந்தவர்கள்தான். தீவில் இருந்த ஒரே சுத்தமான தோட்டத்துக்குள், ஏழு வீட்டு நோயையும் அவர்களே கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நின்ற மரங்களையும் இனி நிற்க விட முடியாது. ஆபீஸர் வந்து சொல்லத் தேவையில்லை, எனக்கே தெரிந்தது.

லூசி சாய்ந்த மரங்களுக்கு நடுவே நடந்துபோய் வேலுவின் முன்னால் நின்றாள். அவள் குற்றமில்லாதவள் என்று நாங்கள் நிரூபித்துவிட்டோம். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா," என்றார் வேலு. "மீட்டிங்ல முடிவாயிருச்சு, போய் வெட்டுங்கன்னு ஐயா சொன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டோம் அக்கா."

"நானும்தான் அவரை நம்பினேன், வேலு," என்றாள் லூசி. "நம்பிக்கிட்டு நான் யார் தோட்டத்தையும் வெட்டலையே."

வேலுவால் நிமிர முடியவில்லை. மற்றவர்களும் அசையவில்லை. லூசி அவர்களைக் கடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.